பழைய டிஸ்க் இரண்டு

கோணேஸ்வரன் ஐந்தரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை முற்றத்தில் பாதியைக் கூட்டினான். தேநீர் குடித்தான். மற்றப் பாதியையும் கூட்டினான். கொட்டகையில் நின்ற வெள்ளைக் காரில் ஏறி, எஞ்சினை இயக்கி, பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பிறகு நிறுத்தினான். கார் ஓர் அடியும் நகரவில்லை. பற்றரி செத்துவிடாமல் இருக்க அது போதும். கார் அவன் மனைவி தேனுகாவினுடையது. தேனுகா இறந்து பதினான்கு மாதம்.

சவரம் செய்தான். சட்டை போட்டான். வாசலில் தொங்கிய ‘தனியார் விசாரணைகள்’ என்ற பலகையைத் துணியால் துடைத்தான். லிங்கநகரில் அந்தப் பலகையைப் பார்த்து உள்ளே வருபவர்களில் பாதிப் பேர் கடவுச்சீட்டு எங்கே எடுப்பது என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கும் சொல்லி அனுப்புவான். பட்டம் படித்தவன். பதில் தெரிந்த கேள்வியைச் சும்மா விட அவனுக்கு வராது.

ஆறேகாலுக்குப் பூரணம் வந்தார். தேனுகாவின் தாய். ஐம்பத்தெட்டு வயது. உள்துறைமுக வீதியில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்தி, இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்றவர். கணவர் போய், கடை போய், மகளும் போனபின், மருமகனின் தொழிலுக்குத் தன்னை உதவியாளராக நியமித்துக்கொண்டார். கடிதம் எதுவும் கேட்கவில்லை.

“தம்பி, இண்டைக்கு ஆரைச் சந்தேகப்படுறம்?”

“ஒருத்தரையும் இல்லை மாமி. ஒரு பிறேக்கை.”

“நல்லது. பிறேக் எண்டால் கேட்ட கேள்விக்கு நேர பதில் சொல்லும். ஹெல்மட்டைத் தாங்கோ.”

கொட்டகையில் நின்ற காரை இருவரும் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். பூரணம் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கைப்பையில் ஒரு டோர்ச், ஒரு துணி, வெற்றிலைப் பெட்டி, பதினேழாம் நம்பர் ஸ்பனர்.

விடயம் இதுதான். பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, கிண்ணியாவில் ஷிஃபானா என்ற ஆசிரியை காரோடு கடலுக்குள் போய் இறந்தார். பாலம் கட்டுவதற்கு முன் அங்கே வாகனங்களை ஏற்றிக்கொண்டு ‘பாதை’ ஓடியது. பாதை என்றால் பெரிய மிதவை. அது வந்து அணையும் துறையின் சீமெந்துச் சாய்வு இன்னும் கிடக்கிறது. புதிய வீதி பாலத்தை நோக்கி வளைகிற இடத்தில், பழைய வீதி வளையாமல் நேரே போய், அந்தச் சாய்வில் இறங்கி, கடலில் முடியும்.

சாட்சி ஒருவர்தான். கரையில் தூரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அபூதாஹிர் என்ற மீனவர். கார் வேகமாக வந்தது, வளைவில் திரும்பவில்லை, நிற்காமல் நேரே கடலுக்குள் இறங்கியது, “பிறேக் இல்ல, பிறேக் இல்ல” என்று டீச்சர் கத்தினார். பொலிஸ் அதை அப்படியே எழுதியது.

அந்தக் காரின் பின் பிறேக்கை அதற்கு முந்திய சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றியவர் ஷிஃபானாவின் கணவர் றிகாஸ். கராஜ்காரர் அல்ல. ஓர் அலுவலகத்தில் இலிகிதர். வியாழக்கிழமை நீதிமன்றம். சாட்சி நிலைத்தால் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றம் அவர்மேல் வரும். அது வருமுன்பே, எட்டு வயது மகள் ரிஸ்லாவை ஷிஃபானாவின் வீட்டார் கூட்டிப்போய்விட்டார்கள். உம்மாவைக் கொன்றவனிடம் பிள்ளையை விடமாட்டோம் என்றார்கள். றிகாஸ் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் நாள் அவர் கோணேஸ்வரனின் முன்னறைக் கதிரையில் இருந்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “நான் எந்த நட்டை விட்டுட்டன் எண்டு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க சேர்.”

தன்னைக் காப்பாற்றும்படி கேட்காத ஆள் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

பாலத்தில் காற்று பலமாக இருந்தது.

“உங்கட சைக்கிளின்ர பின் பிறேக் ஷூ முடிஞ்சுது தம்பி.”

“எப்பிடித் தெரியும்?”

“நீங்கள் மிதிக்கிறீங்கள். நான் முன்னுக்கு வரேல்லை.”

றிகாஸ் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். ஜக்கு, சில்லு நட்டுச் சாவி, சுத்தியல், தேய்ந்த பிறேக் பேட் நான்கு, பேட் கவ்விப் பிடிக்கும் இரும்பு வட்டான டிஸ்க் புதிதாக வந்த வெற்றுப் பெட்டி இரண்டு. முப்பத்தாறு வயது. பன்னிரண்டு நாள் தாடி. கால்களைச் சேர்த்துவைத்து, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் மாணவனைப் போல நின்றார்.

பூரணம் பாயின் ஓரத்தில் அமர்ந்து, தேய்ந்த பேட் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“தம்பி, முதல்ல நட்டை இளக்கினீங்களோ, ஜக்கை ஏத்தினீங்களோ?”

“நட்டை. பிறகுதான் ஜக்கு.”

“முன் சில்லுக்கு?”

“கல்லு வெச்சன் அம்மா. ரெண்டு பக்கமும்.”

“பேட்டைப் பிடிக்கிற கலிப்பரைக் கழட்டிப்போட்டு? ஹோஸில தொங்கவிட்டீங்களோ?”

“இல்ல. உடுப்புக் கொழுவுற கம்பிய வளைச்சு, ஸ்பிறிங்கில கட்டினன்.”

“பிஸ்டனை?”

“அமத்திப் பாத்தன். போகல்ல. பிறகு வீடியோவ நிப்பாட்டிப் பாத்தா, பின் பிஸ்டனைத் திருகித் திருகித்தான் உள்ளுக்கு அனுப்ப வேணுமாம். திருகினன்.”

“என்ன பாசையில வீடியோ?”

“ரஷ்யன் போல. ஆளத் தெரியாது. ரெண்டு கைதான் தெரியும்.”

“நல்லது. பாசை விளங்கினால் கேட்டுக்கொண்டு இருப்பீங்கள். கையைப் பாத்தபடியால் வேலை செய்திருக்கிறீங்கள்.” பூரணம் அடுத்த பேட்டை எடுத்தார். “புது டிஸ்க்கில எண்ணெய் பூசி வரும். அதை என்ன செய்தீங்கள்?”

“பெட்ரோல்ல துடைச்சன். ரெண்டு தரம்.”

“பழைய டிஸ்க் லேசா வந்துதோ?”

றிகாஸ் முதல் தடவையாகத் தயங்கினார். கோணேஸ்வரன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான்.

“வரல்ல. கடல் காத்துக்குத் துருப்புடிச்சு ஒட்டிட்டு. டிஸ்க்கில சின்ன ஓட்டை ரெண்டு இரிக்கி. அதுக்குள்ள போல்ட் போட்டு இறுக்கினா டிஸ்க் வெளிய தள்ளுப்படும் எண்டு காட்டினான். இறுக்கினன். இடப்பக்கத்தில போல்ட் உடைஞ்சிட்டு. பாதி உள்ளுக்கே நிண்டுட்டு. பிறகு சுத்தியலால அடிச்சுத்தான் கழட்டினன்.” அவர் பூரணத்தின் முகத்தைப் பார்த்தார். “அதுதானா அம்மா?”

“எது?”

“நான் விட்ட பிழை.”

“அது பழைய டிஸ்க் தம்பி. கழட்டிப் போட்ட சட்டையில பொத்தான் இல்லையெண்டு போட்டிருக்கிற சட்டை கழண்டு விழாது. கடைசியா பெடலை மிதிச்சீங்களோ? மிதிக்காம எடுத்தால் முதல் தரம் பெடல் நிலத்துக்குப் போகும்.”

“நான் மிதிக்கல்ல.”

றிகாஸ் கார் நின்ற இடத்தைக் காட்டினார்.

“ஷிஃபானா மிதிச்சா. நான் வெளிய இருந்து பேட் இறுகுதா எண்டு பாத்தன். அவ எண்ணிக்கொண்டே மிதிச்சா. பதினாலாம் தரம் ‘கல்லு மாதிரி இரிக்கி’ எண்டா. இருந்தாலும் இருபது வரைக்கும் மிதிக்கச் சொன்னன். பிறகு ரெண்டு பேரும் பாலம் வரைக்கும் ஓடிப் பாத்தம். ஞாயித்துக்கிழமை சந்தைக்கும் போய் வந்த.”

பூரணம் பேட்டைப் பாயில் வைத்துவிட்டு மருமகனைப் பார்த்தார். கேள்வி முடிந்தது என்று அர்த்தம். கோணேஸ்வரன் இவ்வளவு நேரமும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பழைய பேட் நாலும் இருக்கு. பழைய டிஸ்க் ரெண்டும் எங்கே?”

றிகாஸ் மதிலைப் பார்த்தார். மதிலடியில் ஒன்றும் இல்லை. மண்ணில் இரண்டு அரைவட்டத் தடம் மட்டும் இருந்தது.

“அங்கதான் சாத்தி வெச்சன். பொலிஸ் எடுத்தது எண்டு நினைச்சன்.”

“பொலிஸ் பற்றுச்சீட்டுத் தந்ததோ?”

“டிஸ்க்குக்குத் தரல்ல.”

“கடைசியாக எப்ப கண்டீர்கள்?”

“ஞாயித்துக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள.”

“நிச்சயமாகவோ?”

றிகாஸ் செருப்பைக் கழற்றி வலது காலை முன்னே வைத்தார். பெருவிரல் நகம் முழுவதும் கறுத்திருந்தது. “அதில இடறினன்.”

“திகதி போட்ட நகம்,” என்றார் பூரணம்.

கோணேஸ்வரன் எழுதினான். ஞாயிறு மாலை டிஸ்க் இருந்தது. திங்கள் காலை ஆறு நாற்பதுக்கு ஷிஃபானா கிளம்பினார். அப்போது றிகாஸ் குளித்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் செய்தி வந்தது. அதன்பின் அந்த முற்றத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்க்க யாருக்கும் கண் இருக்கவில்லை.

கடலிலிருந்து இழுத்த கார், நிப்றாஸ் என்பவரின் கிறேன் வளவில் நின்றது. நீதிமன்ற முத்திரை ஒட்டியிருந்ததால் கதவைத் திறக்க முடியாது. பார்க்கலாம். நிப்றாஸ் உருண்டையான ஆள். கிறேனின் நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு அன்னாசி தின்றுகொண்டிருந்தார்.

பூரணம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின் சில்லருகே குந்தினார். சில்லுக் கம்பிகளின் இடைவெளியால் டோர்ச் அடித்தார். ஒரு பக்கம். மறுபக்கம். எழும்பும்போது முழங்கால் சத்தமிட்டது.

“ஒரு பிழை விட்டிருக்கிறான்.”

கோணேஸ்வரனின் பேனை நின்றது.

“பேட் முடியிற நேரம் கீச்செண்டு சத்தம் போட ஒரு தகடு வரும். அது உள்பக்கப் பேட்டில வரவேணும். இவன் வெளிப்பக்கம் போட்டிருக்கிறான்.”

“அதனால்?”

“இன்னும் மூண்டு வருசத்தில கீச்செண்ட சத்தம் மற்றப் பக்கத்தாலை கேக்கும்.”

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை. என்ர கடையில வேலை செய்த ஒருத்தனும் இவ்வளவு சுத்தமா மாட்டினதில்லை. ஹேண்ட் பிறேக் தண்டு மேல நிக்குது, கண்ணாடியாலை பாருங்கோ.”

கோணேஸ்வரன் நிப்றாஸிடம் திரும்பினான். “நீங்கள்தானே இழுத்தீர்கள்?”

“ஓம். பத்து மணிக்கு இழுத்த. லேசில வரல்ல.”

“ஏன்?”

“பின் சில்லு ரெண்டும் உருளல்ல. பாறாங்கல்ல இழுத்த மாதிரி இழுபட்டு வந்திச்சு. என்ட கேபிள் ஒண்டு நாசமாப் போச்சு.”

பூரணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பிறேக் இல்லாத கார் எண்டு கோட்டில சொல்லப்போயினம். உங்களுக்கு அதின்ர பிறேக்கை மீறி இழுக்க ஏலாமப் போயிருக்கு. இதை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?”

“என்னட்ட யாரும் கேக்கல்லையே.” நிப்றாஸ் ஒரு துண்டு அன்னாசியை நீட்டினார். “நீங்கதான் முதல்ல கேட்ட.”

பூரணம் அன்னாசியை வாங்கிக்கொண்டு மருமகனை வெற்றியோடு பார்த்தார். கோணேஸ்வரன் தலையை ஆட்டினான்.

“இது காணாது மாமி. கால் பிறேக் இல்லாமல் போனபடியால்தான் கடைசி நேரத்தில் கையால் இழுத்தா என்று சொல்லுவார்கள். சில்லு தண்ணிக்குள் போனபின் இறுகினது என்றும் சொல்லுவார்கள்.”

“உங்களுக்கு நல்ல செய்தி சொன்னாலும் சோடா மூடியைத் திறந்து வைச்ச மாதிரித்தான்.”

“காரில் இருந்த சாமான் பட்டியல் இருக்கிறதோ?” என்று நிப்றாஸைக் கேட்டான்.

இருந்தது. பொலிஸ் எழுதியதன் பிரதி ஒன்று கிறேனின் கண்ணாடிக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது. முன் இருக்கையில் கைப்பை ஒன்று, சாப்பாட்டுப் பெட்டி ஒன்று. பின் இருக்கையில் அப்பியாசக் கொப்பிகள் நாற்பத்தொன்று. டிக்கி பூட்டியிருந்தது, உள்ளே குடை ஒன்று, உதிரிச் சில்லு ஒன்று.

டிஸ்க் இல்லை.

கோணேஸ்வரன் பட்டியலை இரண்டு தடவை வாசித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“மாமி, பழைய டிஸ்க் ஆருக்குத் தேவைப்படும்?”

“பழைய இரும்புக்காரனுக்கு.”

“வேறை?”

பூரணம் அன்னாசியைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். முகம் மெல்ல மாறியது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் முகம் அது.

“மீன்காரருக்கு,” என்றார். “என்ர கடைக்கு வந்த மீன்காரர் ஒருத்தர்கூட புது டிஸ்க் கேட்டதில்லை. ‘அக்கா, கழட்டினது இருக்கோ’ எண்டுதான் கேப்பினம். ரெண்டைச் சேத்து நடு ஓட்டைக்குள்ளால கயிறு போட்டால் ஒம்பது கிலோவில நங்கூரம். சும்மா கிடைக்கிற நங்கூரம்.”

பதினொரு மணிக்கு இருவரும் பழைய பாதைத்துறைக்கு அருகே கரையில் நடந்தார்கள். தோணிகள் பதின்மூன்று இழுத்துவிடப்பட்டிருந்தன. ஆட்கள் குறைவு. ஒரு பெண் கருவாடு திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார். பூரணம் ஒவ்வொரு தோணியாக எட்டிப் பார்த்தார். சிலவற்றில் கல், சிலவற்றில் உண்மையான நங்கூரம், நான்கில் டிஸ்க்.

“இது முன் டிஸ்க். நடுவில காத்துப்போக இடைவெளி இருக்கு. வேண்டாம்.” அடுத்த தோணி. “இது லொறியின்ர. இதைக் காரில பூட்டினால் கார்தான் நங்கூரம்.” அடுத்தது. “இது நான் வித்தது. இவன் இன்னும் காசு...” வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

“மாமி?”

“இல்லை, அது பழைய கதை. வாங்கோ.”

ஒன்பதாவது தோணி நீலம். முன்பக்க அணியத்தில் பச்சை நைலோன் கயிற்றில் இரண்டு டிஸ்க் முகத்தோடு முகம் வைத்துக் கட்டப்பட்டிருந்தன. பூரணம் டோர்ச் தேவையில்லாத வெயிலில் டோர்ச் அடித்தார். விளிம்பில் சுத்தியல் அடி நாலைந்து. இடையில் இரண்டு சிறிய ஓட்டைகள். ஒன்று காலி. மற்றதில் பாதி போல்ட்.

அவர் கைப்பையிலிருந்து துணியை எடுத்து அதைத் துடைத்தார். போல்ட் உடைந்த முகம் இன்னும் முழுக்கத் துருப்பிடிக்கவில்லை.

கோணேஸ்வரன் கருவாட்டுக்காரப் பெண்ணிடம் போனான். “அக்கா, அந்த நீலத் தோணி ஆருடையது?”

“அதா? அபூதாஹிர் காக்காட.” பெண் கையால் கண்ணை மறைத்துப் பார்த்தார். “அந்த டீச்சர் கடல்ல விழக்குள்ள கண்டவர் அவர்தானே. பாவம், அண்டையில இருந்து தோணி இறக்கல்ல. அந்தா வாறார்.”

அபூதாஹிர் வலது காலை இழுத்து இழுத்து வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். அந்த வயது ஆணை அங்கே காக்கா என்பார்கள், நானா என்பார்கள். சாரமும் கிழிந்த பெனியனும். தன் தோணியருகே குந்தியிருக்கும் பூரணத்தைத் தூரத்திலேயே கண்டார். அவர் கையில் எது இருக்கிறது என்பதையும் கண்டார். நடை நின்றது. பிறகு வந்தார்.

“என்ன வேணும்?”

“இந்த நங்கூரம் எங்க வாங்கினீங்கள் நானா?” என்றார் பூரணம்.

“கன காலமாக் கிடக்கு.”

“கயிறு புதுசு.”

“கயிறு மாத்தின.”

“முடிச்சு இறுகவே இல்லை. ஒரு நாளும் தண்ணி காணாத நங்கூரம்.”

“நீங்க யாரு? நங்கூர டிப்பார்ட்மெண்டா?”

“ஓம்,” என்றார் பூரணம் முகம் மாறாமல். “இவர் மேலதிகாரி.”

கோணேஸ்வரன் தோணியின் விளிம்பில் கையை வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

“நானா, இந்த டிஸ்க் ஞாயிறு மாலை வரைக்கும் றிகாஸின்ர மதிலடியில் இருந்தது. தோணி இறக்காத ஆள் அதுக்குப் பிறகு நங்கூரம் தேடமாட்டார், இந்தக் காலோடு ஒன்பது கிலோவைத் தூக்கி வரவும் மாட்டார். அப்ப திங்கள் காலை டீச்சரின்ர டிக்கியில்தான் ஏறியிருக்கிறது. கடலில் இருந்து எடுக்கும்போது டிக்கி பூட்டினபடி, உள்ளுக்கு டிஸ்க் இல்லை. இப்ப உங்கட தோணியில் இருக்கிறது.”

அபூதாஹிர் தோணியின் விளிம்பைப் பிடித்தார்.

“பிறேக் இல்லாத கார் நிண்டு, டிக்கியைத் திறந்து, இரும்பை இறக்கிப்போட்டுப் போகாது நானா.”

கருவாட்டுக்காரப் பெண் திருப்புவதை நிறுத்தினார். அபூதாஹிர் தோணியின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் கேட்டன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை மீன் குடுக்கப் போகக்குள்ள மதிலடியில கண்டன். ‘அது எனக்குத் தாறீங்களா டீச்சர்’ எண்டன். ‘காலைல போற வழியில கொண்டுவாறன் காக்கா’ எண்டா. சொன்ன மாதிரி வந்தா. மேலதான் நிப்பாட்டினா, றோட்டில. நான் இங்க, தண்ணிக்கிட்ட தோணியோட. முழங்கால் ஏலாது. ‘கொஞ்சம் கீழ கொண்டாங்க டீச்சர்’ எண்டு நான்தான் கூப்பிட்டன்.”

“வந்தாவோ?”

“வந்தா. சாய்வில பாதிக்கு வந்து நிப்பாட்டினா. நல்லா நிண்டுது. இறங்கி, டிக்கியத் திறந்து, ரெண்டையும் என்ட கையில தந்தா. அந்த நேரம் சீமெந்து காஞ்சு கிடந்திச்சு. பாசிதான், ஆனா காஞ்ச பாசி. அவ ஏறி எஞ்சின ஸ்டாட் பண்ணக்குள்ள வெளிய ஒரு பெரிய போட் போச்சு. அலை ஏறி வந்து சில்லெல்லாம் நனைச்சிட்டு.” அவர் உள்ளங்கையைச் சாய்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். “சில்லு உருளல்ல. நிண்ட மாதிரியே வழுக்கிச்சு. நடக்கிற வேகம்கூட இல்ல. நான் போனெட்டில கையக் குடுத்துத் தள்ளினன். நிக்கல்ல. துறை முடியிற இடத்தில பாதைக்காகத் தோண்டின பள்ளம். முன்பக்கம் இறங்கினதும் தண்ணி ஒரேயடியா உள்ள ஏறி எல்லாம் முடிஞ்சிட்டு. நான் பாய்ஞ்ச. கதவு திறபடல்ல.”

அவரது இரண்டு உள்ளங்கையிலும் ஆறிவரும் வெட்டுக்காயங்கள் இருந்தன. மட்டி கிழித்தவை. பன்னிரண்டு நாளாக அவற்றை யாரும் பார்த்துக் கேட்கவில்லை.

“பிறகு சனம் வந்திச்சு. ‘பிறேக் போயிட்டா’ எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். ஒரு ஓம்தான் சொன்னன். அத வெச்சு அவங்களே வேகமா வந்த எண்டாங்க, திரும்பல்ல எண்டாங்க. பொலிஸ் வந்து கேக்கக்குள்ள நான் அதத்தான் திருப்பிச் சொன்னன். கீழ கூப்பிட்டது நான் எண்டு சொல்ல வாய் வரல்ல.”

“அந்தப் பிள்ளைக்கு உம்மாவும் இல்லை, இப்ப வாப்பாவும் இல்லை,” என்றார் பூரணம். அவர் குரலில் பகிடி இல்லை.

“தெரியும்.”

“டீச்சர் ‘பிறேக் இல்லை’ எண்டு கத்தினவவோ?”

“இல்ல. கத்தவே இல்ல.” அபூதாஹிர் தலையை ஆட்டினார். “கடைசியா அவ சொன்னது...”

“எனக்குச் சொல்ல வேண்டாம்,” என்றான் கோணேஸ்வரன்.

பூரணம் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் தேனுகா கடைசியாக என்ன சொன்னாள் என்று கோணேஸ்வரனுக்குத் தெரியாது. அவன் மருந்துச் சிட்டையோடு கீழே வரிசையில் நின்றான். பக்கத்துக் கட்டில்காரி ஒன்று சொன்னாள், தாதி வேறொன்று சொன்னாள். இரண்டும் நல்ல வசனங்கள். இரண்டும் தேனுகா கதைக்கிற மாதிரி இல்லை.

“முதல்ல றிகாஸிட்டைச் சொல்லுங்கோ நானா. பிறகு டீச்சரின்ர உம்மா வீட்டில். பிறகு பொலிசில். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்ல வேணும். அழகுபடுத்த வேண்டாம். சேர்க்க வேண்டாம். அவ சொன்னது சொன்ன மாதிரி.”

அபூதாஹிர் எழுந்தார். டிஸ்க் இரண்டையும் தூக்கப் போனார். பூரணம் குனிந்து கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

“விடுங்கோ, முழங்கால் ஏலாத ஆள். எனக்கும் ஏலாதுதான். ரெண்டு பேற்றையும் சேத்தால் ஒரு நல்ல கால் வரும்.”

பூரணமும் அபூதாஹிரும் டிஸ்க்கை நடுவில் வைத்து ஆட்டோவில் ஏறினார்கள். கோணேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான்.

றிகாஸ் இன்னும் முற்றத்தில்தான் இருந்தார். பாய் விரித்தபடி கிடந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கிய அபூதாஹிரைக் கண்டதும் எழுந்து நின்றார். தனக்கு எதிரான சாட்சிக்கு ஸலாம் சொன்னார். அபூதாஹிர் பதில் ஸலாம் சொல்லி, கையிலிருந்ததைப் பாயில் வைத்தார். டிஸ்க்கின் ஓட்டையில் பாதி போல்ட் தெரிந்தது. றிகாஸ் அதைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார்.

அபூதாஹிர் நின்றபடியே சொன்னார். மதிலடியில் கண்டது, கேட்டது, கீழே கூப்பிட்டது, அலை, பாசி. எங்கும் நிறுத்தவில்லை. கோணேஸ்வரன் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பூரணம் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்து, திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

றிகாஸ் கோபப்படுவார் என்று கோணேஸ்வரன் இடையில் நிற்கும்படியாக ஓர் அடி முன்னே வந்திருந்தான். தேவைப்படவில்லை. றிகாஸ் கேட்டுக்கொண்டே பாயில் கிடந்த சாவியை எடுத்தார். கையில் வைத்திருந்தார். கீழே வைத்தார்.

“காக்கா, கண்ணாடி இறக்கியா இருந்திச்சு?”

“ஓம். இறக்கித்தான் இருந்திச்சு. நான் போனெட்டைப் புடிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ட முகத்துக்கு நேரதான் அவட முகம்.”

“பயந்தாவா?”

“பயந்த மாதிரி இல்ல மகன். ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்திச்சு. காலைப் பாத்தா. பெடல அமத்திப் புடிச்சிருக்கா எண்டு எனக்குத் தெரிஞ்சிச்சு. ஹேண்ட் பிறேக்கையும் இன்னொருக்கா இழுத்தா. பிறகு என்னப் பாத்தா.”

“என்ன சொன்னா?”

அபூதாஹிர் கோணேஸ்வரனைப் பார்த்தார். கோணேஸ்வரன் மண்ணைப் பார்த்தான்.

“‘பிறேக் நல்லாத்தான் புடிச்சிரிக்கி காக்கா. கார்தான் போகுது.’”